தூதரகம் இடம் மாறும்போது ஆட்கள் எங்கே இருக்க வேண்டும்?

வெளியுறவு அமைச்சகத்தாருக்கு வணக்கம்.

உக்ரைன் போரின்போது, 2022 மார்ச் 13 அன்று, அந்நாட்டின் தலைநகர் கீவில் இருந்த இந்தியத் தூதரகத்தைத் தற்காலிகமாகப் போலந்துக்கு மாற்றுவதாக அறிவித்தீர்கள். அந்த முடிவின்மேல் எனக்குப் புகார் இல்லை. குண்டு விழும் நகரத்தில் அலுவலர்களை உட்கார வைக்கும்படி யாரும் கேட்க மாட்டார்கள். மே 17 முதல் தூதரகம் கீவிலேயே மீண்டும் இயங்கியதும் மகிழ்ச்சியே.

என் மனத்தை அறுப்பது மார்ச் 2. முந்தைய நாள்தான் உக்ரைனின் கார்கிவ் நகரில் இந்திய மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்திருந்தார். நகரத்தைவிட்டு உடனே வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள், மாலை ஆறு மணிக்குள் பிசோச்சின், பாபாய், பெஸ்லூதிவ்கா ஆகிய ஊர்களை அடைந்துவிடுங்கள் என்று தூதரகம் அறிவித்தது. பிசோச்சினுக்கு 11 கிலோமீட்டர், பெஸ்லூதிவ்காவுக்கு 16. எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் கைப்பேசியில் வந்த அந்த வரிகளைத் தவிர வேறு துணை இல்லாமல்தான் பிள்ளைகள் குளிரில் நடந்தார்கள். உதவிக்கு அதிகாரி யாரும் வரவில்லை என்று அவர்களில் பலர் அப்போதே சொன்னார்கள்.

வேறு வழி இருந்தது என்பதை அடுத்த சில நாட்களில் நீங்களே காட்டினீர்கள். உக்ரைனின் சூமி நகரில் சிக்கியவர்களுக்காகப் பொல்தாவா நகரில் தூதரகக் குழு ஒன்றை நிறுத்தினீர்கள். மார்ச் 8 அன்று ஏறத்தாழ 700 மாணவர்கள் பஸ்களில் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

2023இல் போர் மூண்ட சூடானிலும் அப்படியே. தலைநகர் கார்ட்டூமில் இருந்த நம் தூதரகத்தைப் போர்ட் சூடானுக்கு மாற்றினீர்கள். ஆபரேஷன் காவேரி என்ற மீட்புப் பணியில் நம் மக்கள் சவூதி அரேபியாவின் ஜெட்டாவுக்குப் புறப்பட்ட துறைமுகம் அதுதான். மக்கள் திரளும் இடத்துக்கே தூதரகமும் போனது. அதைத்தான் எழுதப்பட்ட விதியாக்குங்கள் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சில மேற்கத்திய நாடுகள் கார்ட்டூமில் தூதரகங்களை மூடிவிட்டுக் கிளம்பியபோது, விசாவுக்காகக் கொடுக்கப்பட்டிருந்த சூடானியர்களின் பாஸ்போர்ட்டுகள் உள்ளேயே அடைபட்டன. அமெரிக்கத் தூதரகம் தன்னிடம் இருந்தவற்றை அழித்தேவிட்டது. தப்பி ஓட வேண்டிய நேரத்தில் பாஸ்போர்ட் இல்லாதவர் எந்த எல்லையைக் கடப்பார்? நம் தூதரகங்களில் இது ஒருபோதும் நடக்கக் கூடாது. போர் மேகம் திரண்டதுமே, கையிலுள்ள பாஸ்போர்ட்டுகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கட்டடம் எந்த நாட்டுக்கும் போகட்டும். நம் மக்களில் கடைசி ஆள் வெளியேறும்வரை, போர் நடக்கும் நாட்டுக்குள்ளோ எல்லையிலோ ஒரு குழு எங்கே இருக்கும், எந்த எண்ணில் பேசலாம் என்பதை முன்கூட்டியே வெளியிடுங்கள். மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ளும்படி அது தமிழிலும் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகள்