பினாங்குக்குப் பிளேன்ல ஒரு மணி நேரமாம்!

டேய் கூட்டாளி,

நல்லா இருக்கியா? அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சே, இப்ப எப்படி இருக்காங்க? இங்க ஒரு சந்தோஷமான விஷயம், என் மூத்தவளுக்கு உங்க ஊரு பினாங்கு யூஎஸ்எம் யுனிவர்சிட்டில இடம் கிடைச்சிருச்சு, அடுத்த மாசம் கொண்டாந்து விடணும். நீ என்னடான்னா பிளேன்ல வாடா ஒரு மணி நேரம் தானேன்னு சுலபமா சொல்லிட்ட. உனக்கென்ன, பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட் பக்கத்துலயே வீடு.

எனக்கு கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து கேஎல்ஐஏ ஏர்போர்ட் போகவே 60 கிலோமீட்டருக்கு மேல வருது, ஜாம் இல்லாட்டியே ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய் பேக் போட்டு செக்கிங் முடிச்சு உக்காந்து கெடக்கணும், அப்புறம் தான் நீ சொன்ன அந்த ஒரு மணி நேரம், அதுக்கப்புறம் பேக் வர்ற வரைக்கும் நின்னு கிராப் டாக்சி புடிச்சு... எப்படிக் கூட்டினாலும் நாலு மணி நேரத்துக்குக் கொறையாது. காடில, அதான் நம்ம கார்ல வந்தா 350 கிலோமீட்டர் சொச்சம், வழியில தாப்பாவுல நிறுத்தி பசியாறிட்டு வந்தாக்கூட அஞ்சு மணி நேரத்துல வந்துரலாம். இதுக்கு நாலு பேருக்கு டிக்கெட்டா? அதுலயும் இவ மெத்தை, வாளி, ரைஸ் குக்கர், அவங்கம்மா போட்ட ஊறுகா, எல்லாத்தையும் பிளேன்ல கையில கொண்டு போற 7 கிலோ பேக்ல எப்படிடா அடக்குறது? காடில வந்தா பினாங்குப் பாலம் போய் இறங்குறதே குளுகோர்ல, யூஎஸ்எம்மும் அங்கதான்.

ஈடிஎஸ் ரயிலு பத்தியும் யோசிச்சேன், கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வெர்த் வரைக்கும் நாலு மணி நேரம் சொச்சம், ரயிலு நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்க இறங்கி மூட்டையோட ஃபெர்ரி ஏறணுமே. இப்ப ஃபெர்ரில காடி ஏத்துறதில்ல, ஆளும் ரெண்டு சக்கர வண்டியும் மட்டும் தான். நான் தனியா வந்தா வேற கதை, சுபாங் ஏர்போர்ட்ல பிளேன் ஏறிருவேன், அது கிட்ட.

நம்ம சின்ன வயசுல பட்ட பாட்டுக்கு இதெல்லாம் ஒன்னுமே இல்ல. 1994ல ஹைவே முழுசா தொறக்குறதுக்கு முன்னாடி எங்கப்பா பழைய ரோட்டுல தஞ்சோங் மாலிம், தாப்பா, கம்பார், ஈப்போன்னு ஒவ்வொரு ஊருக்குள்ளயும் பூந்து பூந்து ஓட்டுவாரு, ஒரு பால்மரக் கட்டை லாரி பின்னால மாட்டுனா முடிஞ்சுது, முந்தவும் முடியாது, புகையை முழுங்கிக்கிட்டே போகணும், தங்கச்சி வாந்தி எடுப்பா, அம்மா புளிப்பு மிட்டாய் குடுப்பாங்க. 85ல பாலம் தொறந்தும் எங்கப்பா கொஞ்ச நாளு ஃபெர்ரில தான் காடிய ஏத்துனாரு, கேட்டா காத்து வாங்கலாம்பாரு.

சனிக்கிழமை விடியகாலை அஞ்சுக்கெல்லாம் கிளம்பிருவோம், ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப் பாதைக்கிட்ட மேட்டுல லாரிங்க ஊர ஆரம்பிக்குறதுக்குள்ள தாண்டணும். பதினொன்னுக்குள்ள ஹாஸ்டல் வேலை முடிஞ்சா மத்தியானம் நாசி கண்டார் சோறு உன் செலவு. இடம் மட்டும் நீயே சொல்லு, வீட்டுக்காரிக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் கியூவுல நிக்க முடியாது.

உன் கூட்டாளி,
செந்தூல்