கிளவுட்ல போட்டா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிளவுட்ல, அதாவது இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுக்குற கம்ப்யூட்டர்கள்ல, போட்டுட்டா சர்வர் விழவே விழாதுன்னு எங்க மேனேஜர் மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்றாரு, நிறைய பேர் அப்படித்தான் நம்புறாங்க, அதான் எழுதுறேன். 2017 பிப்ரவரி 28 அன்னைக்கு அமேசான் கிளவுட்டோட வடக்கு வர்ஜீனியா ரீஜன்ல (ரீஜன்னா ஒரு வட்டாரத்துல இருக்கிற டேட்டா சென்டர் கூட்டம்) ஃபைல்களை வச்சிருக்கிற எஸ்3 ஸ்டோரேஜ் கிட்டத்தட்ட 4 மணி நேரம் படுத்துச்சு. பில்லிங் சிஸ்டம் மெதுவா ஓடுதேன்னு பாக்கப்போன இன்ஜினியர் கொஞ்சம் சர்வரை மட்டும் எடுக்கலாம்னு ஒரு கமாண்ட் போட்டாரு, அதுல கொடுத்த இன்புட் தப்பாகி நினைச்சதவிட நிறைய சர்வர் கழண்டுடுச்சு, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வச்சிருக்கிற பகுதியையே முழுசா ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதாச்சு, அதை பல வருஷமா யாரும் முழுசா ரீஸ்டார்ட் பண்ணதே இல்லயாம்! கூத்து என்னன்னா, சர்வீஸ் ஓடுதா இல்லயான்னு காட்டுற அவங்க டாஷ்போர்டும் எஸ்3ய நம்பித்தான் இருந்துச்சு, அதனால அதையும் அப்டேட் பண்ண முடியல.

அந்த மனுஷனை யாரும் திட்டாதீங்க, நானும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தப்பான டேட்டாபேஸ்ல டெலீட் அடிச்சவன்தான். அமேசான் அப்புறம் அந்த டூலையே மாத்துச்சு, இனி சர்வரை மெதுவாத்தான் எடுக்கும், குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போகவும் விடாது.

நம்ம ஆபீஸ்கள்ல என்ன பண்றோம்? ஒரே ரீஜன்ல எல்லாத்தையும் வச்சுட்டு பேக்கப்பையும் அங்கயே வைக்கிறோம், அந்த பேக்கப்ப ஒரு தடவையாவது ரீஸ்டோர் பண்ணிப் பாத்தீங்களான்னு கேட்டா முழிக்கிறாங்க. ரெண்டாவது ரீஜனுக்கு காசு ஆகும், உண்மைதான். பேக்கப்பையாவது அங்க வைங்கய்யா.

இப்படிக்கு,
ஒரு டெவலப்பர், கோயமுத்தூர்