நம்பிக்கை போதாது என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் கூட்டம் உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரியும். வேலை, விசா, குழந்தை என்று ஏதோ ஒன்றைக் கேட்டு வருகிறவர்கள். கேட்டது கிடைக்காவிட்டால், “உன் நம்பிக்கை போதாது” என்று சொல்லிவிடுகிறார்கள் சிலர். கீமோ எடுத்துக்கொண்டிருந்த என் தங்கையிடமே ஒருவர் அப்படிச் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், பிணியுற்ற பையனின் தகப்பன் தன் நம்பிக்கையின்மை நீங்க உதவும்படி கதறுகிறார். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை; பையன் குணமானான். சிலுவைச் சாவுக்கு முந்தைய இரவில், கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே தமக்கு வரவிருந்த துன்பம் என்னும் கிண்ணம் அகல வேண்டினார். அகலவில்லை. அவருக்கா நம்பிக்கை குறைவு?

மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுத்தருவது விவிலியத்தின் 13-ஆம் திருப்பாடல். ஆறே வசனம்தான். ‘இன்னும் எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர்’ என்று கடவுளிடமே முறையிடுகிறது. அப்புறம்தான் அவர் அன்பை நம்புவதாகச் சொல்கிறது. மனதில் உள்ளதை மறைக்காமல் பேசலாம் என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

வியாழக்கிழமை நவநாள் வழிபாட்டு மறையுரைகளில், கேட்டது கிடைத்தவர்களின் சாட்சிகளோடு, கிடைக்காதது நம்பிக்கைக் குறைவால் அல்ல என்பதையும் பங்குத்தந்தையர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– மறைக்கல்வி ஆசிரியை ஒருவர், பெங்களூரு