நினைவு முற்றம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். குடியிருப்பின் நடுவே சும்மா கிடந்த திடலை நினைவு முற்றமாக்கும் வேலை முடிந்துவிட்டது. வரவுசெலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனியே வரும். இங்கே வேலையைப் பற்றி மட்டும்.

அதிக நாள் இழுத்தது கல்லோ மரமோ அல்ல, மறைந்தவர்களின் பெயர்களைச் சுவரில் எந்த வரிசையில் பொறிப்பது என்பதுதான். அகர வரிசை போதும், தேட எளிது என்றுதான் குழுவில் பலரும் நினைத்தோம். எழுதிப் பார்த்தால் கணவர் ஒரு கோடியில், மனைவி மறு கோடியில். வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின், உயிரிழந்த நாள் வரிசைதான் வேண்டும் என்று நின்றார். ஒரே சண்டையில் விழுந்தவர்கள் அங்கே அருகருகே இருக்கிறார்கள். தேடுபவர்களுக்கு அகர வரிசை ஏடு தனி. நியூயார்க்கின் செப்டம்பர் 11 நினைவிடத்தில் உள்ள 2,983 பெயர்களை அடுக்கும்போது, யார் பக்கத்தில் யார் என்று குடும்பங்கள் தந்த 1,200க்கும் மேற்பட்ட கோரிக்கைகளைக் கணக்கில் எடுத்தார்கள்.

நாமும் குடும்பங்களைக் கேட்டோம். "அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடியவர் பெயர் பக்கத்தில் இருக்கட்டும்" என்றார் ஒருவர். சரி என்றோம். அகர வரிசைப் பட்டியல் நுழைவாயிலில் இருக்கிறது. இரண்டு பெயர்களில் ஒற்று விடுபட்டுப்போனது. செதுக்கியவர் மேல் குற்றமில்லை, நாங்கள் சரிபார்த்துக் கொடுத்த படியிலேயே அந்தப் பிழை இருந்தது. அந்தக் கல்லை மாற்றிவிட்டோம். அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டோம்.

மெருகேற்றிய கருங்கல் வெயிலில் தொட முடியாமல் சுடும். பெயரைப் பார்த்தவர்கள் விரலால் தடவாமல் போவதில்லை. அதனால் சுவரை மரநிழல் விழும் பக்கமாகத் திருப்பினோம்.

இருக்கைகளில் பாதியைத் தரையில் பதிக்கவில்லை. நகர வெளிகளைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், தனி நாற்காலி கிடைத்தால் மனிதர்கள் உட்காருமுன் அதைக் கொஞ்சமாவது நகர்த்துவதைக் கவனித்தார். நியூயார்க்கில் 1967இல் திறந்த பேலி பூங்கா மிகச் சிறியது. அங்கும் நகர்த்தும் நாற்காலிகள்தான், தெருச் சத்தத்தை அமுக்க ஒரு நீர்ச்சுவர். 'திருடு போகும்' என்ற எச்சரிக்கை பதிவேட்டில் இருக்கிறது. இதுவரை போகவில்லை, ஆனால் காலையில் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

சுவரருகே குழந்தைகள் ஓடுவது பற்றிக் காரசாரமாகப் பேசினோம். நாஜிகள் கொன்ற யூதர்களுக்காகப் பெர்லினில் கான்கிரீட் கட்டைகளால் அமைத்த நினைவிடத்திலும் இதே வாதம்தான். வேலி போடவில்லை, 'அமைதி' பலகையும் வைக்கவில்லை. சுவர்ப் பக்கம் இரண்டு படி தாழ்வு, ஓரமாகச் சாய்தளம், நடுவே புதர் வரிசை. பந்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.

கடைசிக் கல்லை எழுத்தில்லாமல் விட்டிருக்கிறோம். பெயர் சேர்க்க விரும்புவோர் எழுத்தில் தரவும்.

பாக்கி ஒன்று: மேற்கு மூலை விளக்கு தரைத்தள வீட்டு ஜன்னலில் அடிக்கிறது. மறைப்பு சொல்லியிருக்கிறோம். அப்புறம், கன்றுகள் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற ஆள் தேவை. முறைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஞாயிறு மாலை இன்னும் காலி.

செயற்குழு