கோச்ச மாத்திறதுக்கு முந்தி கிரவுண்டுக்கு ஒருக்கா வாங்க

நம்மட கல்லூரி பழைய மாணவர் சங்கத்து அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

இருபது வயசுக்குக் கீழ் உதைபந்து டீம் மாகாண மட்ட செமி பைனல்ல தோத்துட்டு வந்ததில இருந்து வட்ஸ்அப்பில ஒரே கததான் ஓடுது, கோச்ச மாத்துங்க, கோச்ச மாத்துங்க எண்டு. வாற கூட்டத்தில தீர்மானமே எடுக்கப் போறீங்களாம். நானும் இந்த ஜேர்சி போட்டு விளையாடினவன்தான், இப்ப என்ட மகனும் அந்த டீமில நிக்கிறான், சீசன் முழுக்க கிரவுண்ட் கரையில நிண்டு பாத்தவன் எண்ட உரிமையில கேக்கிறன், அந்தத் தீர்மானத்த எடுக்காதீங்க.

வலயத்தில சம்பியன் வந்த டீம் இது. கோணர்ல வந்த பந்த நம்மட பொடியன் தலையால அடிச்சி கோல் போட்ட வீடியோவ நீங்கதான் எல்லா இடமும் அனுப்பினீங்க, கோச்சயும் தூக்கி வெச்சிக் கதைச்சீங்க. மறுகா ஒரு பெனல்டி ஷூட் அவுட்டில தோத்த உடன அதே மனிசன் ஒண்டுக்கும் உதவாதவராகிட்டாரா?

செமி பைனல் தொடங்கினது மத்தியானம் ரெண்டு மணிக்கு, கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில. 2014 பிரேசில் உலகக் கிண்ணத்தில வெக்கையையும் ஈரப்பதனையும் சேத்து அளக்கிற கணக்கு 32 பாகைக்கு மேல போனா மெச்ச நிப்பாட்டி தண்ணி குடிக்க விடலாம் எண்டு பீபா விதி வெச்சது. கோடிக்கணக்கில சம்பளம் வாங்கிற ஆக்களுக்கே அப்பிடி எண்டா, விடியச் சாப்பிட்ட பாணோட மணித்தியாலக் கணக்கா பஸ்ஸில குந்திப் போய் இறங்கின கையோட பூட்ஸ் போட்ட நம்மட பொடியனுகள் என்ன செய்வானுகள்? ரெண்டாவது பாதியில ஒவ்வொருத்தனா கெண்டக்கால் பிடிச்சி விழுந்தானுகள். நேரத்த மாத்தச் சொல்லி எழுத்தில கேக்கிற வேல சங்கத்துக்குரியது, கோச்சுக்கு இல்ல.

கிரவுண்டுக்கு கடைசியா எப்ப வந்தீங்க? மார்கழி மழைக்கு கோலுக்கு முன்னால தண்ணி கட்டினா தை பிறந்தும் வத்தாது. வத்தினாப் பிறகு மாடு மிதிச்ச குழியெல்லாம் அப்பிடியே காஞ்சி இறுகிக் கிடக்கும், அதிலதான் கீப்பர் விழுந்து பழகிறான். பழைய சொக்ஸிட பாதத்த வெட்டிட்டு முழங்கையில மாட்டியிருக்கான் பாருங்க, அதுவும் கிழிஞ்சி ரத்தம் பட்டு கறுத்துப் போச்சு. வலய மெச் ஒண்டில வெளிய வந்த பொடியன் கோட்டுக்கரையிலயே குந்தி பூட்ஸ கழட்டி உள்ள போறவனுக்குக் குடுத்தான், ரெண்டு பேருக்கும் அளவு ஒண்டு எண்டபடியால. எனக்கு அதப் பாக்க ஏலாமப் போச்சு.

இந்த நிலமையிலயும் பிரக்டிஸுக்கு முந்தி பீபா 11 பிளஸ் எண்ட வோர்ம் அப்ப இருபது நிமிசம் ஒரு நாளும் விடாம செய்விக்கிறார் அந்த மனிசன், அதுக்குச் சாமான் செலவு ஒண்டும் இல்ல, முழங்கால், கணுக்கால் மாதிரி விளையாட்டுக் காயங்களக் குறைக்கிறதுக்கெண்டே வந்தது. ஏ.எல் சோதினைக்குப் படிக்கிற பொடியனுகள் ரியூசனுக்குப் போனா மிச்சம் நிக்கிற ஆக்கள வெச்சாவது பழக்கிறார், பந்துப் பேக்க தன்ட மோட்டர் சைக்கிளில கட்டிக்கொண்டு வாறார்.

ஒரு கோச்ச நம்பி விட்டா என்ன நடக்கும் எண்டு நம்மட மட்டக்களப்புக்குப் புதுசா சொல்லித் தரத் தேவையில்ல. இங்க விளையாட்ட வளத்த வெபர் பாதர்ட பேரில டவுனில ஸ்டேடியமே நிக்கிது. ஹெபர்ட் பாதர் 1948ல அமெரிக்காவில இருந்து வந்தவர், 1990 ஓகஸ்ட் 15ல வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு வாற வழியில காணாமப் போனவர். அவர் பாஸ்கட்போல் பழக்கின ஆக்கள் இண்டைக்கும் அவர்ட பேரச் சொல்லித்தான் கதைக்கிறாங்க. ஒரு மெச் தோத்ததுக்காக அவர அனுப்பியிருந்தா நம்மட டவுனில பாஸ்கட்போல் இந்தளவுக்கு வேர் விட்டிருக்குமா?

பிக் மெச் எண்ட வருசாந்த கிரிக்கெட் போட்டி நாளில வாகன ஊர்வலம், பேண்ட், டீசேட் எண்டு செலவழிக்கிற காசில ஒரு பங்க உதைபந்துக்கு ஒதுக்குங்க. முதல்ல கோல் வாய் ரெண்டுக்கும் மண் போட்டு தண்ணி ஓட வழி வெட்டணும், அது ஐப்பசி மழைக்கு முந்தி முடிஞ்சாத்தான் பிரயோசனம். பிரக்டிஸ் முடிய அவிச்ச கடலையும் முட்டையும் குடுக்கிற செலவ வெளிநாட்டில இருக்கிற அண்ணன்மார் மாசம் ஒராள் எண்டு பொறுப்பெடுக்க ஏலும். பூட்ஸ் இல்லாத பொடியனுகள்ட அளவெல்லாம் நான் எழுதி வெச்சிருக்கிறன், கூட்டத்துக்குக் கொண்டு வாறன். கோச்சயும் அண்டைக்குக் கூப்பிடுங்க, அவருக்கு என்ன தேவ எண்டத அவர்ட வாயால கேட்டுட்டு முடிவெடுங்க.