சதுரங்க மண்டபத்தில் கேட்காத அறிவிப்புகள்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பில் பாடசாலை மாணவருக்கான சதுரங்கப் போட்டிகளை நடத்துவோர், செவிப்புலன் வலுவற்ற பிள்ளைகளையும் மனத்திற்கொள்ள வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

அண்மையில் நான் பார்வையாளராகச் சென்ற ஒரு போட்டியில், மேசை மாற்றங்கள் ஒலிபெருக்கியில் மட்டுமே அறிவிக்கப்பட்டன. செவிப்புலனற்ற மாணவர் ஒருவர் பழைய மேசையிலேயே அமர்ந்திருக்க, அவருக்குரிய மணிக்கூடு வேறொரு மேசையில் ஓடிக்கொண்டிருந்தது.

சர்வதேச சதுரங்க விதிகளின்படி, ஆட்டத்தின்போது வாய்திறக்க வேண்டிய இடங்கள் மிகச் சிலவே. நடுவரை நாட மணிக்கூட்டை நிறுத்தலாம். சமநிலை கோரப்பட்டால் அதை இருவரும் நகர்வுத் தாளில் குறிக்க வேண்டும் என்று விதியே கூறுகிறது. இடர்ப்பாடு பெரும்பாலும் நடுவரின் தீர்ப்பில்தான் எழுகிறது. வழக்கமான நேர அளவுள்ள ஆட்டத்தில் விதிக்கு மாறான முதல் நகர்வுக்கு எதிராளிக்கு 2 நிமிடங்கள் கூட்டப்படும். அதே தவறு இரண்டாம் முறை நேர்ந்தால் பொதுவாக ஆட்டமே பறிபோகும். முதல் தீர்ப்பின் காரணம் விளங்காத பிள்ளை இரண்டாவதைத் தவிர்ப்பது எங்ஙனம்? நடுவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினாலே போதுமானது. நடுவரின் அனுமதியற்ற மின்னணுச் சாதனங்களுக்குத் தடை இருப்பதால், செவிப்பொறி பற்றிய வினாவும் போட்டியன்று வாசலில் வாதமாக மாறாமல் விண்ணப்பப் படிவத்திலேயே தீர்க்கப்பட வேண்டும்.

செவிப்புலனற்றோருக்கான சர்வதேசச் சதுரங்க அமைப்பு 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2019 இல் இத்தாலியில் நடைபெற்ற செவிப்புலனற்றோருக்கான குளிர்கால ஒலிம்பிக்கில் சதுரங்கமும் இடம்பெற்றது. அந்த ஒலிம்பிக்கில் பங்குபற்ற, நன்றாகக் கேட்கும் காதிலும் குறைந்தது 55 டெசிபல் கேள்திறன் இழப்பு இருக்க வேண்டும். ஆடும்போது செவிப்பொறி அணியவும் இயலாது. அத்தகைய தனிப் போட்டிகளை இங்கும் நடத்துங்கள் என நான் கேட்கவில்லை. (கேட்டாலும் நிதியில்லை என்ற பதிலே வரும்.) ஏனைய பிள்ளைகளுடன் ஒரே மண்டபத்தில் ஆடுவதே அவர்களது ஆட்டத்தை வளர்க்கும்.

எனவே, யார் எந்த மேசையில் யாருடன் ஆடுவது என்ற பட்டியலை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் சுவரில் ஒட்டுதல், தொடக்கத்தைக் கையசைத்து உணர்த்துதல், சைகை மொழி அறிந்த விசேட கல்வி ஆசிரியர் ஒருவரை மண்டபத்தில் அமர்த்துதல் ஆகிய ஏற்பாடுகளை அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையிலேயே குறிப்பிடுமாறு வலயக் கல்வி அலுவலகங்களையும் போட்டி ஏற்பாட்டாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.