மகள் வந்த பிறகு கூட நின்றவர்களுக்கு

வணக்கம்.

எங்கள் மகள் வீட்டுக்கு வந்தது 2022 மார்கழியில். அப்போது அவளுக்கு ஆறு வயது. தத்தெடுத்தோம் என்பதை அன்றும் மறைக்கவில்லை, இன்றும் மறைப்பதில்லை. இருந்தாலும் இந்த மடலில் எதையெல்லாம் எழுதலாம் என்று அவளிடமே கேட்டேன். பேர் போடக் கூடாது. கொலுசு, டப்பா, ஏற்காடு மூன்றும் எழுதலாம் என்றாள். அதனால் எங்களிடம் வருவதற்கு முந்தைய கதை எதுவும் இதில் இல்லை. உதவியவர்கள் பேரும் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

குழந்தை கைக்கு வரும்வரை வழி சொல்ல ஆள் உண்டு. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு, வீட்டாய்வு, மருத்துவச் சான்று என்று ஒன்றன் பின் ஒன்றாக நடந்தது. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தருவதால், நாங்கள் நடந்ததெல்லாம் கலெக்டர் ஆபீசுக்குத்தான். எங்கள் பேரோடு பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும்வரை சலிக்காமல் போன் எடுத்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுத் தம்பிக்கு முதல் நன்றி. ஆனால் எங்களுக்கு முழி பிதுங்கியது காகிதத்தில் இல்லை, வீட்டுக்குள்ளே.

வீட்டுக்காரருக்குச் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை. மகள் வருமுன்பே கண்ணளவாக ஒரு ஜோடி செய்து வைத்திருந்தார், முத்து நிறைய வைத்து. பகலெல்லாம் போட்டுக்கொண்டு ஓடுவாள். ராத்திரி படுக்கும்போது கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள். குத்துகிறதோ என்று அவர் கொக்கியைத் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்து பீரோவுக்குப் பின்னால் எறும்பு சாரை. பீரோவை நகர்த்தினால் காய்ந்த இட்லி நாலு, பாதிச் சப்பாத்தி, ஊசிப்போன தட்டுவடை செட் ஒன்று. சத்தம் கேட்காமல் சமையலறைக்குப் போகத்தான் பிள்ளை கொலுசைக் கழற்றியிருக்கிறது.

நான் திட்டினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. “உனக்கு என்ன குறை வெச்சோம்?” என்று கேட்டேன். மூன்று நாள் அவள் வாய் திறக்கவில்லை. பயந்துபோய் ஓர் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “இன்னும் ஆணை வரலைதானே, நல்லா யோசிச்சுக்கோங்க” என்றார். அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் எங்கள் சமூகப் பணியாளர் அக்காவுக்குப் போன் போட்டேன். விதிப்படி இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர் வந்து பார்த்து அறிக்கை எழுதினால் போதும். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். ஃபைலைத் திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து என்னோடு வெங்காயம் உரித்தபடி சொன்னார்: “இது திருட்டு இல்லீங்க. நாளைக்கும் சோறு இருக்கும்னு அவ வயிறு இன்னும் நம்பலை.” அவள் கைக்கு எட்டுகிற அலமாரித் தட்டில் அவளுக்கென்று ஒரு டப்பா, கேட்காமல் எடுக்கலாம், ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது. ராத்திரி சமையலறையில் ஒரு சின்ன விளக்கு. கொலுசைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அவ்வளவுதான் அவர் சொன்ன வைத்தியம். முதல் மாதம் தினமும் டப்பா காலி. தினமும் நிரப்பினேன்.

அவர் அனுப்பித்தான் இரண்டாவது ஆலோசகரிடம் போனோம். தத்துக் குழந்தைகளைப் பற்றித் தனக்குப் படிப்பில் சொல்லித் தந்தது ரொம்பக் கொஞ்சம் என்று முதல் நாளே ஒளிக்காமல் சொன்ன மேடம் அவர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. எங்களிடம் கேட்டார், தன் மூத்தவர்களிடம் கேட்டார், அடுத்த முறை குறிப்போடு வந்தார். பிள்ளையோடு அரை மணி பேசினால் எங்களோடு ஒரு மணி பேசுவார்.

ஏற்காடு சமாச்சாரத்தைப் புரியவைத்ததும் அவர்தான். கோடை லீவில் இரண்டு நாள் போகலாம் என்று பை கட்டினோம். அவள் தன் துணி மொத்தத்தையும், ஸ்கூல் யூனிஃபார்ம் உட்பட, ஒரு கட்டைப்பையில் அடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறவரை ஒரு வார்த்தை இல்லை. ஏரிக்கரையில் இறங்கியதும், “இங்கதான் விடப்போறீங்களா?” என்றாள். வீட்டுக்காரர் படகுச் சீட்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் அழுதார். இனிமேல் எங்கே கிளம்பினாலும் திரும்பி வருகிற நாளையும் நேரத்தையும் காலண்டரில் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், அவள் பொருள் ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்றார் மேடம். அடுத்த தடவை எதை விட்டுவிட்டு வருவது என்று யோசித்து, செருப்பை விட்டுவிட்டு வந்தாள். சரி, ஏற்காட்டில் புதுச் செருப்பு வாங்க வேண்டியதாயிற்று.

வகுப்பு டீச்சருக்கு ஒரு நன்றி. கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ கொண்டு வரச் சொல்லும் பாடம் வந்தபோது முன்கூட்டியே எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்புறம், ‘எனக்குப் பிடித்த போட்டோ’ என்று வகுப்பு முழுவதற்குமே மாற்றிவிட்டார். இவளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தால் நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்திருக்கும். பரம்பரையில் ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா என்று பயிற்சி டாக்டர் அவள் எதிரிலேயே அடுக்கியபோது, “தெரியாதுன்னு எழுதிட்டு மேல போப்பா” என்று சாதாரணமாகச் சொன்ன குழந்தைகள் டாக்டருக்கும் நன்றி.

கடைசியாக எங்கள் தெரு ஆயாம்மா. பெற்றவர்கள் வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் தொடங்கியது நம்ம சேலத்தில்தான். அந்தக் காலத்தில் பச்சைக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்த கை அவருடையது. ‘யார் பெத்ததோ’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த என் அத்தையோடு, அதாவது மாமியாரோடு, திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்தே அவரை வழிக்குக் கொண்டுவந்தார். தலையைத் தொடவிடாத பிள்ளைக்கு எடுத்ததும் தலைக்கு எண்ணெய் வைக்காதே, பாதத்தில் ஆரம்பி என்று அத்தைக்குச் சொன்னதும் அவர்தான். பாதத்திலிருந்து தலைக்கு வர இரண்டு மாதம் ஆனது. இப்போது சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அத்தையை அவள்தான் எழுப்புகிறாள்.

இரண்டு வருஷ அறிக்கையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அக்கா போன மாதமும் வந்தார், ஃபைல் இல்லாமல். டப்பாவைத் திறந்து பார்த்து, “முறுக்கு நமுத்துப் போச்சே” என்றார். முந்தின வாரம் போட்டது, அப்படியே இருந்தது.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறையில் கொலுசுச் சத்தம். ஒரு முத்து விழுந்துவிட்டது போல, இடது காலில் ஓசை குறைகிறது, பற்றவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மா, அப்பா, பாட்டி
சேலம்